வாயால் சொல்றான், எழுத வரல... டிஸ்லெக்ஸியா பிள்ளைகளுக்கு சட்டம் என்ன தருகிறது? அது ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி கேட்டால் டக்கென்று பதில் வருகிறது. கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்கிறான். அதையே தேர்வுத்தாளில் எழுதச் சொன்னால் நூற்றுக்கு 12. "கவனமே இல்லீங்க, விளையாட்டுப் புத்தி" என்கிறார் ஆசிரியர். வீடு போய்ச் சேர்வதற்குள் முதுகில் ரெண்டு விழுகிறது. ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில் எந்தப் பள்ளி வாசலிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது கற்றல் குறைபாடு. வாசிப்பதில் சிக்கல் என்றால் டிஸ்லெக்ஸியா, எழுதுவதில் என்றால் டிஸ்கிராஃபியா, கணக்கில் என்றால் டிஸ்கால்குலியா. அறிவுத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. சொல்லித் தரும் முறையை மாற்றினால் முன்னேற்றம் வரும். 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படம் பார்த்து அழுதவர்கள் நம்மில் நிறைய பேர். பக்கத்து வீட்டுப் பையனை மட்டும் இன்னும் 'மக்கு' என்றுதான் கூப்பிடுகிறோம்.

தமிழில் எப்படித் தெரியும்?

டிஸ்லெக்ஸியா என்றாலே ஆங்கிலத்தில் 'பி', 'டி' எழுத்துகளைத் திருப்பிப் போடுவது என்று நினைக்கிறோம். தமிழிலும் சிக்கல் உண்டு. 'கெ' என்ற எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ 'க்' முடிந்த பிறகுதான் வருகிறது. 'கொ' என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. 'கல்', 'தங்கம்' இரண்டிலும் ஒரே 'க', ஆனால் ஒலி வேறு. ல, ள, ழ பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ் இலக்கியம் படித்த நாங்களே ர, ற-வில் தடுமாறுவோம் என்பது வேறு கதை. மற்ற பிள்ளைகள் ஓரிரு வருடத்தில் தாண்டிவிடும் இந்த இடத்திலேயே ஒரு பிள்ளை மூன்றாம், நான்காம் வகுப்பு வரை மாட்டிக்கொண்டு நின்றால் கவனிக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போதே எழுத்து விடுபடுவது, வாசிக்கச் சொன்னால் வயிற்று வலி என்பது, இதெல்லாமும் அறிகுறிகளாக இருக்கலாம்.

கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தொட்டு ஒரே நேரத்தில் படிக்கும் முறையைத்தான் சிறப்புப் பயிற்றுநர்கள் பயன்படுத்துகிறார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகுவதும் அதில் ஒன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் செய்ததுதான்!

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் மட்டுமே இருந்தன. 2016-ல் வந்த புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. கற்றல் குறைபாடு உள்ளே வந்தது அப்போதுதான். பிள்ளைகளின் கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிவது கல்வி நிறுவனத்தின் கடமை என்கிறது அதன் 16-வது பிரிவு. அதாவது, பெற்றோர் வந்து கேட்கும்வரை பள்ளி காத்திருக்கக் கூடாது.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் சான்றிதழ் உள்ளவர்களுக்குக் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. சிபிஎஸ்இ-யிலும் 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம் கூடுதல்.

அப்புறம் என்ன பிரச்னை?

முதல் பிரச்னை நேரம். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி 8 வயதிலேயே, அதாவது மூன்றாம் வகுப்பிலேயே பரிசோதிக்கலாம். ஆனால் இங்கே 8-ம் வகுப்பு வரை எல்லோரும் பாஸ். அந்தக் கொள்கை நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் யாரும் கவனிக்காவிட்டால் எழுத வராத பிள்ளையும் சத்தமில்லாமல் 9-ம் வகுப்புக்கு வந்துவிடும். பொதுத்தேர்வு பயம் வந்த பிறகு சான்றிதழுக்கு ஓடுவார்கள். தேர்வுச் சலுகை கிடைத்துவிடும், போன ஆறு வருடம் கிடைக்காது. 'மெல்லக் கற்கும் மாணவர்' என்ற ஒரே பெட்டிக்குள் எல்லோரையும் போட்டுவிடுவதும் ஒரு காரணம். கொரோனாவில் பாடம் விட்டுப்போன பிள்ளைக்கு மறுபடி சொல்லிக் கொடுத்தால் போதும். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு அதே பாடத்தை அதே முறையில் பத்து தடவை நடத்தினாலும் ஏறாது.

அடுத்தது, சான்றிதழ் இருந்தும் மறுக்கப்படுவது. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள மாணவிக்குக் கூடுதல் 1 மணி நேரம் தராமல் தேர்வு மையத்தில் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி, தேசியத் தேர்வு முகமை அதைச் சரிசெய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் யுபிஎஸ்சிக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், எழுத உதவியாளர் பெற 40 சதவீதக் குறைபாடு இருந்தே ஆக வேண்டியதில்லை என்றும் தீர்ப்பளித்திருந்தது.

மூன்றாவது, நம் வாய். "மாற்றுத்திறனாளின்னு சர்ட்டிஃபிகேட்டா? நாளைக்குப் பொண்ணுக்கு வரன் பாக்கணுமே" என்று பின்வாங்கும் பெற்றோர் உண்டு. சலுகை வாங்கினால் "குறுக்கு வழியில பாஸ் பண்ணிட்டா" என்று பேசும் சொந்தக்காரர்களும் உண்டு. கண் சரியாகத் தெரியாத பிள்ளை கண்ணாடி போட்டு எழுதினால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

எங்கே போவது?

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள், தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். சான்றிதழ் தருவது அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு. யுடிஐடி அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. பொதுத்தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் தேர்வுத்துறைக்குப் போக வேண்டும். ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் கேட்டால் தாமதம். கல்வி ஆண்டு தொடங்கியதுமே ஆரம்பித்துவிடுங்கள்.