இரு சின்னம் தாங்கிய தொப்பி

ஒரு பொருளின் பெருமை அதன் விலையைப் பொறுத்ததன்று. அதனோடு இணைந்த நினைவைப் பொறுத்ததாகும். இங்கிலாந்தின் தென்பகுதியில் பாவிங்டன் என்னும் ஊரில் டாங்கிக் காட்சிச்சாலை ஒன்று உள்ளது. அங்கே யானை போல் நிற்கும் போர்வண்டிகளோடு கருநிறக் கம்பளித் தொப்பி ஒன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. அஃது இரண்டாம் உலகப் போரில் படைத்தலைவர் மாண்ட்கோமரி அணிந்தது.

மாண்ட்கோமரி படைத்தொழிலையே வாழ்வாகக் கொண்டவர். 1887-இல் பிறந்த அவர் 1908-இல் படையிற் சேர்ந்தார். முதல் உலகப் போரில், 1914-இல், நுரையீரலில் குண்டு பாய்ந்து சாவின் வாயில்வரை சென்று மீண்டார். 1942 ஆகஸ்டுத் திங்களில், எகிப்துப் பாலைவனத்தில் நின்ற பிரிட்டிஷ் எட்டாம் படைக்குத் தலைவரானார். இரண்டு திங்களுக்கு முன்னரே டோப்ருக் நகரை இழந்து பின்வாங்கிய படை அது. அதன் ஊக்கம் குன்றியிருந்தது.

வீரர் ஒவ்வொருவரும் தம்மைக் கண்டு அறிதல் வேண்டும் என அவர் விரும்பினார். டாங்கிப் படையினர் தொப்பியைத் தாமும் பூண்டார். டாங்கியினுள் இடம் குறுகியது. எண்ணெய்க் கறையோ மிகுதி. ஆதலின் அத்தொப்பி விளிம்பின்றி, கறை தோன்றாத கருநிறத்தில் அமைந்தது. அதில் அவர் டாங்கிப் படையின் சின்னத்தையும் படைத்தலைவர்க்குரிய சின்னத்தையும் அருகருகே பொருத்தினார்.

ஒரு தொப்பியில் இரு சின்னம் அணிதல் படை மரபன்று. புகழ் நாடிச் செய்த செயல் எனப் பழித்தாரும் உளர். அவர் புகழை வெறுத்தவர் அல்லர் என்பது மெய்யே. ஆயினும், அவ்விரு சின்னங்களும் உணர்த்தும் உண்மை அவர் புகழினும் பெரிது என்பது என் கருத்து. நிலைத்துப் போரிடும் வீரர் பலர் இருப்பினும், தலைவர் இல்லையேல் படை இல்லை என்பது வள்ளுவர் படைமாட்சியில் கூறும் கருத்து. வீரர் இல்லையேல் தலைவரும் இல்லை என்பதனை இத்தொப்பி கூறுகின்றது.

1942 அக்டோபர் 23 முதல் நவம்பர் 4 வரை எல் அலமெய்னில் நடந்த போரில் எட்டாம் படை வென்றது. இந்தியாவின் நான்காம் டிவிஷனும் அக்களத்தில் நின்றது. வெற்றியின் விலை சிறிதன்று. மாண்டோர், புண்பட்டோர், காணாமற்போனோர் என 13,000-க்கு மேற்பட்டோரை அப்படை இழந்தது. அவ்வூர்ப் போர்க் கல்லறையில் 7,000-க்கு மேற்பட்டோர் துயில்கின்றனர். அவருள் 800-க்கு மேற்பட்டோர் இன்னார் எனவும் அறியப்படாதவர். பெயரே அறியப்படாத வீரனின் தொப்பியை எக்காட்சிச்சாலை பெயர் பொறித்துக் காக்கும்?

மாணவர்களே, போர்க்கால நினைவுப் பொருளைக் காத்தல் போரை விரும்புதல் ஆகாது. ஆயின் அதனைக் காணும் முறை ஒன்று உண்டு. தலைவரின் சின்னத்தைக் கண்ட அளவில் உங்கள் கண் நின்றுவிடலாகாது. அதனை அடுத்துள்ள வீரரின் சின்னத்தையும் நோக்குங்கள். பாலைவனத்தில் துயிலும் பெயரறியா வீரர்க்கும் அத்தொப்பியில் பங்கு உண்டு.