ஒரு பிள்ளையை ஆராய்ந்தால் போதுமா?



ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றோர்க்குத் 'தனியாள் ஆய்வு' என்பது புதிய சொல்லன்று. ஒரே ஒருவரைத் தேர்ந்து, அவருடைய பின்னணியையும் நடத்தையையும் மாற்றங்களையும் நெடுநாள் கூர்ந்து நோக்கிப் பதிவு செய்வதே அவ்வாய்வு. ஒருவரை வைத்து என்ன அறிய முடியும் என்று அதனை எள்ளுவோர் உளர். ஒருவரைக் கண்டால் எல்லாரையும் கண்டதாகக் கருதுவோரும் உளர். இரண்டும் தவறு என்பதே என் கருத்து.

முதலில் எள்ளுவோர்க்கு ஒரு சான்று. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்னும் 27 வயது இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோயைத் தணிக்க மூளையில் அறுவை மருத்துவம் நடந்தது. வலிப்புக் குறைந்தது. ஆனால், புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்தும் ஆற்றல் போய்விட்டது. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் உருவத்தை மட்டும் பார்த்து விண்மீன் வடிவத்தை வரைய வேண்டும். முதல்நாள் வரைந்தது மறுநாள் அவருக்கு நினைவில்லை. ஆயினும், கை மட்டும் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றது. செய்ததை நினைவுகூர்வது வேறு, கை பழகுவது வேறு என்னும் உண்மை இவ்வாறு புலப்பட்டது. நலமாய் உள்ளவரின் மூளையை ஆய்வுக்காக அறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆதலால், இத்தகைய அறிவைத் தனியாள் ஆய்வே தரவல்லது.

இனி, அளவு மீறி நம்புவோர்க்கு. 1909-இல் சிக்மண்ட் பிராய்டு, குதிரைக்கு அஞ்சிய ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். 'குட்டி ஹான்ஸ்' என அவனைக் குறிப்பர். பிராய்டு பெரிதும் நம்பியது சிறுவனின் தந்தை எழுதிய குறிப்புகளையே. அத்தந்தையோ பிராய்டின் கொள்கையை ஏற்றவர். வண்டிக் குதிரை ஒன்று விழுந்ததைச் சிறுவன் நேரில் கண்டிருந்தான். அச்சத்திற்கு அதுவே காரணமாகலாம் என்று 1960-இல் உல்ப், ராக்மன் என்னும் இருவர் வாதிட்டனர். தேடியது மட்டுமே கண்ணில் படும் இடர் இதில் உள்ளது.

இவ்விடர் நம் வகுப்பறையிலும் உண்டு. முதலாம் ஆண்டில் ஒரு பிள்ளையைக் குறித்து "சோம்பேறி, வீட்டில் கண்டிப்பில்லை" என்று ஆசிரியர் எழுதிவிட்டால், அடுத்தடுத்த ஆசிரியர்களும் அக்கண்ணோடே அப்பிள்ளையைப் பார்ப்பர். கண் பார்வைக் குறையோ, காலை உணவின்மையோ, வீட்டுத் துயரமோ எவருக்கும் தென்படாது. ஒரு வரிக் குறிப்பு ஆறாண்டுக் கல்வியையே திசைமாற்றக் கூடும்.

ஆகவே, கண்டதை ஓரிடத்திலும் கருதியதை வேறிடத்திலும் எழுதுவோம். "பத்து நிமிடத்தில் மூன்று முறை எழுந்தான்" என்பது கண்டது. "அடங்காதவன்" என்பது கருதியது. நம் கருத்துக்கு மாறான நிகழ்ச்சியையும் தேடிக் குறிப்போம். பிள்ளையின் பெயரைக் காப்போம். மொலைசன் 2008-இல் மறையும்வரை ஆய்வுலகம் அவரை 'எச்.எம்.' என்னும் ஈரெழுத்தால் மட்டுமே குறித்தது.

பெற்றோர்களே, "அடுத்த வீட்டுப் பிள்ளை அப்படிப் படித்துத்தான் முன்னேறினான்" என்பதும் ஒருவரை மட்டும் வைத்துக் கூறும் முடிவுதான். அவனுக்குப் பொருந்தியது உங்கள் பிள்ளைக்கும் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை.

ஒரு பிள்ளையை ஆழ்ந்து நோக்கினால் நல்ல கேள்விகள் பிறக்கும். எல்லாப் பிள்ளைகளுக்குமான விடையை அந்த ஒரு பிள்ளையின்மீது சுமத்தாதிருப்போம்.