நட்புக்கு நீதி எழுதாதீர்கள்



"சார், நட்பைச் சொல்லித் தர்ற மாதிரி படப் புத்தகம் ஒண்ணு சொல்லுங்க" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். அந்தப் பெயரில் கடையில் கிடைப்பவை பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்கிறேன். கோபம் வந்தால் கமெண்டில் திட்டுங்கள்.

உலகமெங்கும் விற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்துக்காரர் மார்க்கஸ் ஃபிஸ்டர் எழுதி வரைந்து 1992-ல் வந்த 'வானவில் மீன்'. ஒரு மீனுக்கு மினுமினுக்கும் செதில்கள். கேட்ட குட்டி மீனுக்கு அது தர மறுக்கிறது. மற்ற மீன்கள் அதை ஒதுக்கிவிடுகின்றன. பிறகு ஒவ்வொரு செதிலாகக் கொடுத்ததும் எல்லோரும் நண்பர்கள். படங்கள் அழகுதான். ஆனால் பாடம் என்ன? உடம்பிலிருந்து பிய்த்துக் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்பது! பகிர்வதைத்தானே சொல்கிறது என்பீர்கள். மிட்டாயைப் பகிரட்டும். விலை கொடுத்து வாங்குவதற்குப் பெயர் நட்பில்லை, பேரம்.

நம் பஞ்சதந்திரத்தைப் பாருங்கள். காகம் நட்பு கேட்டு வந்ததும் எலி பல்லிளித்துக்கொண்டு வராது. நீ தின்கிறவன், நான் இரை, நமக்குள் எப்படி ஒட்டும் என்று வளைக்குள் இருந்தே வாதாடும். நான் பார்த்த படப் புத்தகங்களில் அந்த வாதத்தையே வெட்டிவிடுகிறார்கள். நேராக வலையைக் கடிக்கும் கட்டம், கீழே 'நீதி: ஒற்றுமையே பலம்'. முடிந்தது கதை.

வள்ளுவர் நட்புக்கு 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரம் வைத்தார். அதில் ஒன்று ஆராய்ந்து சேர்வதற்கு. இரண்டு தீ நட்பும் கூடா நட்பும். அவருக்கே 50 குறள் தேவைப்பட்டதை நாம் ஒரு வரியில் முடிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே ஏரிக்கரையில் சேர்ந்து விளையாடுவார்கள். பிரிப்பது யார்? "அந்தத் தெருப் பையனோட என்ன சேர்க்க?", "அவங்க வீட்ல தண்ணி குடிச்சியா?" என்று கேட்பது யானையா, முயலா? நாம்தான். நட்புப் பாடம் தேவைப்படுவது நமக்கு. புத்தகத்தைத் திணிப்பதோ பிள்ளை கையில்!

புத்தகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. துளிகா, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் படப் புத்தகம் போடுகிறார்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். கடைசிப் பக்கத்தில் 'நீதி' இருந்தால் கையால் மறைத்துக்கொண்டு, "எலி காகத்த நம்புனது சரியாம்மா?" என்று கேளுங்கள். வரும் பதிலைத் திருத்தாதீர்கள். சாயங்காலம் பிள்ளை எந்தத் தெருவுக்கு விளையாடப் போனாலும் தடுக்காதீர்கள்.