படிச்சு முடிச்சாச்சு, அடுத்து யாருக்கு?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வைக்கலை. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ், அப்புறம் அந்த ரிலீஸ்ல வந்த பக், அப்புறம் அந்த பக்கைச் சரி பண்ணப் போய் புதுசா முளைச்ச பக். உங்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டறவங்கதான், விளக்க வேண்டியதில்லை. ஆனா இந்த ரெண்டு மாசத்துல ஒரு நல்லதும் நடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓஎம்ஆர்லேர்ந்து பாண்டிக்கு ஈசிஆர் பஸ், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மறுபடி சென்னைக்கு. ஒரு வழிக்குக் குறைஞ்சது மூணு மணி நேரம். மொபைல் சார்ஜ் தீர்ந்துபோன ஒரு வெள்ளிக்கிழமை பையிலேர்ந்து புத்தகத்தை எடுத்தவன், எட்டு வாரத்துல மூணு நாவல் முடிச்சுட்டேன். எனக்கு இது சாதனைங்க. சிரிக்காதீங்க.

மூணும் நம்ம ஊர் சம்பந்தப்பட்டது. பிரபஞ்சனோட 'மானுடம் வெல்லும்', அதுக்கு அடுத்து வர்ற 'வானம் வசப்படும்', அப்புறம் கி.ரா.வோட 'கோபல்ல கிராமம்'. கோபல்ல கிராமம் கரிசல் காட்டுக் கதையாச்சே, அது எப்படி பாண்டின்னு கேப்பீங்க. பள்ளிக்கூடத்தைப் பாதியிலயே விட்ட மனுஷரைப் பேராசிரியர் ஆக்கினது புதுச்சேரிப் பல்கலைக்கழகம். 2021 மே மாசம் சாகற வரைக்கும் இங்கதான் இருந்தார். அதனால எங்க கணக்குல அவரும் பாண்டிக்காரர்தான். இடைசெவல்காரங்க சண்டைக்கு வரவேண்டாம், பங்கு போட்டுக்கலாம்.

புத்தகங்களைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒரு பாவமன்னிப்பு கேக்க வேண்டியிருக்கு. நான் படிச்ச 'மானுடம் வெல்லும்' என்னோடது இல்லை.

எங்க தெருவுல ஒரு சொல்தா தாத்தா இருந்தார். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன்: பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்துட்டு அந்த நாட்டுப் பென்ஷன் வாங்கறவங்களை இங்க சொல்தான்னு சொல்லுவோம். பசங்க ரெண்டு பேரும் பிரான்ஸ்ல செட்டில். தாத்தா மட்டும் இங்க, ஒரு ஈசி சேரும் நாலு அலமாரி புத்தகமுமா. 2018 டிசம்பர்ல பிரபஞ்சன் இறந்தார், அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு நடந்தது. நான் அப்ப இன்ஜினியரிங் மூணாவது வருஷம். "யாரு தாத்தா இவரு, எம்எல்ஏவா?"ன்னு கேட்டேன். நிஜமாவே கேட்டேன். தாத்தா கோவப்படலை. உள்ள போய் ஒரு புத்தகத்தை எடுத்துட்டு வந்து, "படிச்சுட்டு வா தம்பி, பேசலாம்"னார்.

படிக்கலை. செமஸ்டர், ப்ளேஸ்மென்ட், அப்புறம் வேலை. முதல் தடவை "முடிச்சிட்டியா தம்பி?"ன்னு கேட்டப்ப, பாதி வந்துட்டேன்னு வாய் கூசாம புளுகினேன். ரெண்டாவது தடவை கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவசரம் ஒண்ணும் இல்ல தம்பி. வேற ஒருத்தர் கேட்டுட்டு இருக்கார், அதான்."

இந்த வார வரேன் தாத்தா, அடுத்த வாரம் வரேன் தாத்தான்னே ஓட்டிட்டேன். 2022ல தாத்தா போயிட்டார். பசங்க வந்தாங்க, காரியம் பண்ணினாங்க, பத்து நாள்ல வீட்டைக் காலி பண்ணினாங்க. புத்தகமெல்லாம் ரெண்டு லோடு ஆட்டோவுல எடைக்குப் போச்சுன்னு அம்மா போன்ல சொன்னாங்க. பசங்களைக் குத்தம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? அவங்க ஒரு வாரத்துல செஞ்சதை நான் நாலு வருஷமா செஞ்சுட்டிருந்தேன். யாருக்கும் பயன்படாம ஒரு புத்தகத்தை முடக்கி வெச்சிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் புத்தகத்தைத்தான் இப்ப பஸ்ல படிச்சேன். தெரு பேர் வர்ற இடத்துலல்லாம் ஓரத்துல பென்சில் கோடு. சில இடத்துல "இப்ப எங்கே?"ன்னு குட்டியா எழுதியிருக்கார். யார்கிட்டயோ பேசற மாதிரியே இருக்கு. அந்த யாரோ நானா இருந்திருக்கணும்.

சரி, நாவலுக்கு வரேன். ஆனந்தரங்கப் பிள்ளையோட நாட்குறிப்பை அடித்தளமா வெச்சு பிரபஞ்சன் கட்டின கதை இது. துய்மா கவர்னரா இருந்த காலம். பள்ளிக்கூடத்துல நமக்குச் சொல்லிக் கொடுத்தது துய்ப்ளேக்ஸ், கிளைவ், கர்நாடகப் போர், அஞ்சு மார்க் கேள்வி. இதுல சண்டை பின்னணியில எங்கேயோ நடக்குது. முன்னணியில இருக்கறது துணி வியாபாரம், வரி, சாதிச் சண்டை, கோயில் தாசிகளோட வாழ்க்கை, ஊரை விட்டு ஊர் ஓடற ஜனம். கவர்னரும் பல்லக்குல போற பெரிய மனுஷனும் அவங்கவங்க பேச்சைப் பேசறாங்க, ஆனா நாவலாசிரியரோட கண்ணு பல்லக்கு தூக்கறவன் மேலயும் இருக்கு. முதல் 50 பக்கம் அந்தக் காலத்து மொழியில கொஞ்சம் தடுக்கிச்சு. அப்புறம் ராஜபாட்டை.

குறையும் இருக்கு. சில இடத்துல பாத்திரங்கள் பேசறது ஆசிரியர் நமக்குப் பாடம் எடுக்கற மாதிரி ஆயிடுது. 18ஆம் நூற்றாண்டுக்காரர் 20ஆம் நூற்றாண்டு மனசோட பேசறார். தாத்தா இருந்திருந்தா இதைச் சொல்லிச் சண்டை போட்டிருப்பேன்.

இதைப் படிச்ச கையோட மூல நாட்குறிப்பையும் கொஞ்சம் புரட்டினேன். பிள்ளை 1736 செப்டம்பர்ல எழுத ஆரம்பிக்கறப்ப அவருக்கு 27 வயசு. கிட்டத்தட்ட என் வயசு! நான் ஒரு பதிவு எழுத ரெண்டு மாசம் எடுத்துக்கறேன். அந்த மனுஷன் 25 வருஷம் எழுதியிருக்கார். கப்பல் வந்துச்சு, எத்தனை பீரங்கி போட்டாங்க, யார் யாருக்கு என்ன வெகுமானம் கொடுத்தாங்க, கவர்னர் பொண்டாட்டி என்ன சதி பண்றாங்க, எல்லாம். 1761 ஜனவரியில, பாண்டிச்சேரி இங்கிலீஷ்காரங்ககிட்ட சரணடையறதுக்குச் சில நாள் முன்னாடி செத்துப்போறார்.

அதுக்கப்புறம் அந்த நாட்குறிப்புக்கு என்ன ஆச்சுங்கறதுதான் எனக்கு நாவலை விடப் பெரிய கதையாத் தெரிஞ்சுது. 85 வருஷம் அது குடும்பத்து வீட்டுலயே கிடந்திருக்கு. 1846ல காலுவா மோம்பிரோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்சுப் படி எடுக்கறார். அவரோட நண்பர் அரியேல் எடுத்த படி பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போகுது. அப்புறம் 1890கள்ல இங்க பிரிட்டிஷ் பிரதிநிதியா இருந்த மக்லியோட் சொல்லி, மெட்ராஸ் அரசாங்கம் ஒரு படி எடுக்குது. அதுலேர்ந்து 1904 தொடங்கி 1928 வரைக்கும் இங்கிலீஷ்ல 12 தொகுதி. மூலத்துல சில பகுதிகள் கிடைக்காமலே போச்சு. இன்னிக்கு நம்ம கையில இருக்கறதுல நிறைய, யாரோ ஒருத்தர் இன்னொருத்தருக்காக உக்காந்து கையால எழுதின படிகள் வழியா வந்தது.

இங்க எனக்கே ஒரு இடி. 'புத்தகத்தைக் கையில வெச்சுக்காதீங்க, கொடுத்துடுங்க'ன்னு சொல்லத்தான் இந்தப் பதிவை ஆரம்பிச்சேன். ஆனா பிள்ளை வீட்டுக்காரங்க அப்படிக் கொடுத்திருந்தா? 1761ல ஊரையே இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்களே, அந்தக் கலவரத்துல எவன் கையிலயோ போய் அடுப்பெரிச்சிருப்பாங்க. பூட்டி வெச்சதாலதான் 1846 வரைக்கும் வந்துச்சு. அதே மாதிரி தாத்தாவோட நாலு அலமாரியில இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சு மிஞ்சியிருக்கறது நான் திருப்பிக் கொடுக்காத அந்த ஒரே புத்தகம்தான். நாலு வாரமா மண்டையைக் குடைஞ்ச விஷயம் இது. என் தப்பையே நியாயம்னு சொல்லிக்க நல்ல வசதியான வாதம் வேற!

ஆனா ஒண்ணு. பிள்ளை எழுதினது உலகத்துல ஒரே ஒரு பிரதி. அதைப் பாதுகாக்கணும். நம்ம அலமாரியில இருக்கறது ஆயிரம் பிரதி அடிச்சதுல ஒண்ணு. அதைப் பாதுகாத்து என்ன பண்ணப் போறோம்? சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லயே நூலக விதிகளை எழுதறப்ப முதல் விதியா வெச்சது இதைத்தான், புத்தகம்னா அது புழங்கணும்னு. கோபம் வர்றது என்னன்னா, புத்தகக் கண்காட்சிக்குப் போய் ரெண்டு பை நிறைய வாங்கிட்டு வந்து போட்டோ போடற நாம (நானும்தான்), படிச்சு முடிச்சதை அடுத்தவனுக்குக் கொடுக்கறப்ப மட்டும் கை நடுங்கறோம். "கொடுத்தா திரும்பி வராது." ஆமா, வராது. வராதுன்னு தெரிஞ்சே கொடுங்கன்றேன். இரவல்னு கொடுத்தாத்தானே கேக்க வேண்டியிருக்கு, தயங்க வேண்டியிருக்கு, வாங்கினவன் புளுக வேண்டியிருக்கு.

உடனே ஒருத்தர் "பிடிஎஃப் இருக்கே பாஸ்"னு வருவார். உழைச்ச எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் பத்து பைசா போகாம 400 புத்தகத்தை ஒரே லிங்க்ல அனுப்பறது பகிர்தல் இல்லைங்க, குப்பை கொட்டறது. எங்கிட்டயும் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கு. 6 ஜிபி. ஒண்ணையும் திறந்ததில்லை. மதுரைத் திட்டம் மாதிரி, 1998லேர்ந்து தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணிப் பழைய நூல்களைப் போடறாங்களே, அது வேற. அது பிள்ளையோட நாட்குறிப்பைப் படி எடுத்தாங்களே, அந்த வகை வேலை. கையெடுத்துக் கும்பிடலாம்.

'வானம் வசப்படும்' பத்தி ரெண்டு வரி. 1995ல சாகித்ய அகாதமி வாங்கினது. துய்ப்ளேக்ஸ் காலம். அவரோட மனைவி ழான் இந்த ஊர்லயே பிறந்து தமிழ் பேசத் தெரிஞ்சவங்க, நாட்குறிப்பைப் படிச்சா பிள்ளைக்கு அந்தம்மாவை ஆகவே ஆகாதுன்னு பக்கத்துக்குப் பக்கம் தெரியும். 1748ல முற்றுகை நடக்கறப்ப வேதபுரீஸ்வரர் கோயிலை இடிச்ச விஷயத்தை நாட்குறிப்புல படிச்சுட்டு ஒரு நாள் தூக்கம் வரலை. ஊர்ல அத்தனை செல்வாக்கு உள்ள மனுஷன், ஒண்ணும் பண்ண முடியாம எழுதி மட்டும் வெச்சிருக்கார். ஆனா நாவலா எனக்கு முதல் புத்தகம்தான் ஒரு படி மேல.

'கோபல்ல கிராமம்' 1976ல வந்தது. ஆரம்பத்துலயே தண்ணி குடிக்கக் குளத்துல இறங்கற கர்ப்பிணியை ஒரு திருடன் நகைக்காகத் தண்ணிக்குள்ள அமுக்கறான். அவ அவனோட கால் பெருவிரலைக் கடிச்ச கடி விடலை. மகாபலிபுரம் தாண்டி பஸ் ஒரு இடத்துல டீக்கு நின்னுச்சு, நான் இறங்கலை. தெலுங்கு தேசத்துலேர்ந்து பயந்து ஓடி வந்த ஜனங்க எப்படிக் காட்டை அழிச்சு ஊராக்கினாங்கன்னு 137 வயசுப் பாட்டி மங்கத்தாயாரு அம்மாள் சொல்றா. அவ கேட்டதைச் சொல்றா, கேட்டவங்க அடுத்தவங்களுக்குச் சொல்றாங்க. கதைன்னு ஒண்ணு கைமாறினாத்தான் உயிரோட இருக்கும்னு கி.ரா.வுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்குத் தெரியும்? நாட்டுப்புறக் கதைகளை அந்த மனுஷர் தேடித் தேடிச் சேர்த்ததே அதுக்குத்தானே. அலமாரியில வெச்சு பூட்டியிருந்தா பாட்டி கதை என்ன ஆயிருக்கும்?

எல்லாத்தையும் கொடுத்துடுவேன்னு நான் துறவி வேஷம் போடலை. கி.ரா.வோட வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தரமாட்டேன். அது படிச்சு முடிக்கற புத்தகம் இல்லை, அப்பப்ப எடுத்துப் பார்க்கறது. 'வானம் வசப்படும்' என்னோடது இல்லை, ரோமன் ரோலன் நூலகத்தோடது. 1827லேர்ந்து இருக்கற நூலகம், உள்ளூர்லயே இருந்துட்டு நான் போன வருஷம்தான் உறுப்பினர் ஆனேன். நாளைக்குத் திருப்பணும். அபராதம் கட்டற நிலைமைக்கு வந்துட்டேன் :-)

தாத்தா புத்தகத்தை என்ன பண்றதுன்னுதான் ரொம்ப யோசிச்சேன். அவரைக் கேட்டுட்டு இருந்த அந்த 'வேற ஒருத்தர்' யாருன்னு தெரு முழுக்க விசாரிச்சுப் பார்த்தேன், யாருக்கும் தெரியலை. கடைசியில சித்தி பொண்ணுகிட்ட கொடுத்துட்டேன். காலேஜ்ல வரலாறு எடுத்திருக்கா. பென்சில் கோடெல்லாம் பார்த்துட்டு, "அண்ணா, இந்த இடமெல்லாம் இப்ப எங்க இருக்குன்னு நான் கண்டுபிடிச்சு எழுதட்டுமா?"ன்னா. எழுதுன்னேன். எப்ப திருப்பித் தரணும்னு கேட்டா. தரவேண்டாம், ஆனா வர்ற பொங்கலுக்குள்ள படிக்கலைன்னா வேற யாருக்காவது கொடுத்துடுன்னேன். "ரொம்பத்தான் ரூல்ஸ் போடற"ன்னு திட்டிட்டுப் போனா.

'கோபல்ல கிராமம்' என் மேசை மேல இருக்கு, காசு போட்டு வாங்கின என்னோட பிரதி. ஞாயித்துக்கிழமை காலையில ஆறரை மணிக்குக் கடற்கரையில காந்தி சிலை பக்கம் நடந்துட்டு இருப்பேன். பாண்டி பக்கம் வர்ற நம்ம ஆளுங்க யாருக்கு வேணுமோ முதல்ல சொல்லுங்க, எடுத்துட்டு வரேன். அட்டையில கொஞ்சம் டீக்கறை இருக்கு. பஸ் டிரைவர் சடன் பிரேக் போட்டதால வந்தது, நான் பொறுப்பில்லை.