வாசிக்கத் தெரியும் என்பதற்குச் சான்று என்ன?

நம் மாவட்டத்துத் தேவிகாபுரத்தில் பட்டுத் தறி வைத்திருப்பவரிடம் "இது சுத்தப் பட்டு" என்று வாயால் சொல்லி ஒப்பேற்ற முடியாது. சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவித் தீயில் காட்டிவிடுவார். முடி பொசுங்கும் வாடை அடித்து, எரிந்த முனை விரலில் பொடியாக உதிர்ந்தால் பட்டு. உருகி மணிபோல இறுகினால் பாலியஸ்டர். சேலையில் தொங்கும் சில்க் மார்க் அட்டைக்கும் அவரிடம் மதிப்பு உண்டு. ஆனாலும் இழையைப் பார்க்காமல் விடமாட்டார்.

பிள்ளைகளின் படிப்பு என்று வரும்போது நாம் அட்டையோடு நின்றுவிடுகிறோம். "மூணாவது படிக்கிறா" என்கிறோம். ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அவள் தானாகப் படிப்பாளா, படித்தது புரியுமா என்று எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்? இந்த வாரம் எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்: வாசிப்புக்குச் சான்று, வாசிக்கக் கேட்பதே.

நாம் பெருமையோடு சொல்லும் எண்ணிலிருந்தே தொடங்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. நம் திருவண்ணாமலை மாவட்டம் 74 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. ஏழு வயது நிரம்பி, ஏதாவது ஒரு மொழியைப் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தவரே எழுத்தறிவு பெற்றவர் என்பது வரையறை. நல்ல வரையறைதான். ஆனால் கணக்கெடுக்க வந்தவர் யாரையும் படிக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. வாசலில் நின்று கேட்டார். வீட்டில் இருந்தவர் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்ன பதிலை எழுதிக்கொண்டார். கோடிக்கணக்கானவர்களுக்குத் தேர்வு வைக்க முடியாது, அதனால் இதில் குற்றம் இல்லை. அந்த எண், தெரியும் என்று சொல்லப்பட்டவர்களின் எண் என்று அறிந்து நாம் வாசித்தால் போதும்.

படிக்கச் சொல்லிப் பார்க்கும் ஆய்வும் இருக்கிறது. பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும் 'அசர்' ஆய்வு, கிராமப்புறப் பிள்ளைகளை வீட்டிலேயே சந்திக்கிறது. 2022-இல் மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள். ஒவ்வொரு பிள்ளையிடமும் எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை ஆகியவை அச்சிட்ட தாளைக் கொடுத்து, எதுவரை தடையின்றிப் படிக்கிறது என்று குறித்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையைப் படித்தவர்கள் 4.8 விழுக்காடு. 2018-இல் 10.2.

உடனே "நூற்றில் தொண்ணூற்றைந்து பிள்ளைக்கு எழுத்தே தெரியாது" என்று கைபேசிகளில் செய்தி பறந்தால், அது பொய். கதையைப் படிக்க முடியாதவர்களில் பத்தியைப் படித்தவர்கள் உண்டு, சொற்களைக் கூட்டியவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகள் முதல் வகுப்பையே பள்ளியில் சரியாகப் பார்க்கவில்லை. மறுபுறம், அரசுக்குப் பிடிக்காத எண் என்பதற்காக அதைத் தூக்கி எறிவதும் தவறு. சிறிய மாதிரி என்றாலும், பிள்ளையின் வாயிலிருந்து கேட்டுப் பதிந்த சான்று அது.

அரசுத் தரப்பிலும் அளந்தார்கள்: 2025 பிப்ரவரியில் மாநிலத் திட்டக் குழு 3, 5, 8 வகுப்புகளுக்குக் கற்றல் அடைவுத் தேர்வு நடத்தியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதினார்கள். அதையும் அசரையும் மல்லுக்கு நிறுத்துவதில் பயனில்லை. ஒன்று பள்ளியில் நடந்த தேர்வு, மற்றது வீட்டில் நடந்த வாசிப்பு. கேட்ட கேள்வியும் வேறு, கேட்கப்பட்ட பிள்ளைகளும் வேறு. எந்தக் கல்வி எண் வந்தாலும் யாரைக் கேட்டார்கள், என்ன செய்யச் சொன்னார்கள், பதிலை யார் சரிபார்த்தார்கள் என்று கேட்கப் பழகினால், பாதிப் பொய்கள் நம்மைத் தாண்டிப் பரவாது.

மாநிலத்தின் சராசரி எதுவாக இருந்தாலும், உங்கள் வீட்டுப் பிள்ளையின் நிலையை அது சொல்லாது. அதற்கு வழி எளிது. பாடப் புத்தகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை எடுங்கள். பழகிய பக்கத்தை மனப்பாடமாகவே ஒப்பித்துவிடுவாள். உரக்கப் படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று தன் சொல்லில் சொல்லட்டும். பிறகு அதையே இரண்டு வரி எழுதட்டும். பெற்றவருக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் தயங்க வேண்டாம். பிள்ளை ஓட்டமாகப் படிக்கிறதா, திணறுகிறதா என்பது காதுக்கே தெரியும்.

திணறினால் அடிக்காதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். எங்கே தடுக்கிறது என்று பார்த்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று பேசும் அந்தக் கூட்டத்தில், எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் ஒரு பக்கத்தைத் தானாகப் படிக்கிறார்கள் என்ற கேள்வியையும் மாதந்தோறும் எழுப்புங்கள். கேள்வி ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல, பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதலாக அரை மணி நேரம் கிடைக்கச் செய்ய. நான்காம் வகுப்புக்குள் அந்த அரை மணி நேரம் கிடைத்துவிட்டால், பிறகு வரும் எல்லாப் பாடங்களையும் அவளே படித்துக்கொள்வாள்.