டொலருக்குக் கைதட்டு, டொலர் உழைத்தவளுக்குக் கைவிரிப்பா?



ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். 2024இல் வெளிநாட்டில் வேலை செய்யும் எங்கட ஆக்கள் இந்த நாட்டுக்கு அனுப்பின காசு ஏறத்தாழ 657 கோடி டொலர். அதே வருசம் சுற்றுலாவால வந்தது ஏறத்தாழ 317 கோடி டொலர். இரண்டு மடங்குக்கும் மேல!

ஆனா கட்டுநாயக்காவில மாலை யாருக்கு? மேளம் யாருக்கு? உல்லாசப் பயணி வரட்டும், சந்தோசம், நாங்களும் வரவேற்கிறோம். ஆனா அதே விமானத்தில பத்து வருசம் குவைத்தில சமைச்சு, துவைச்சு, முதுகு வளைஞ்சு வந்து இறங்குற மூதூர்க்காரிக்கும் வாழைச்சேனைக்காரிக்கும் இந்த அரசு என்ன வைத்திருக்கிறது? வரிசையில நில் என்ற ஒரு சொல் மட்டும்தான்.

மறந்திட்டீங்களா? மூதூர் ரிசானா நபீக். வயதைக் கூட்டிப் போட்ட கடவுச்சீட்டில் 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. 2013 ஜனவரியில் அங்கே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாடே அழுதது. அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? வயதைக் கூட்டிப் போட்ட முகவர்களின் வலையை அறுத்தார்களா? பெண்களுக்கு வயதெல்லையைக் கூட்டினார்கள், குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். சரி, பாதுகாப்புக்குத்தான் என்றார்கள்.

2022 வந்தது. கஜானாவில டொலர் இல்லை. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. உடனே பணிப்பெண்களுக்கான வயதெல்லை 21க்கு இறங்கியது. பாதுகாப்பு எங்க போனது? டொலர் தேவைப்பட்டதும் பறந்து போனது!

2020இல் 710 கோடி டொலராக இருந்த பணம் 2022இல் 379 கோடியாக விழுந்தது. ரூபாயைச் செயற்கையாகப் பிடித்து வைத்திருந்ததால சனம் உண்டியல் வழியால அனுப்பியது. அப்போ அவர்களைத் துரோகிகள் போலப் பேசினவர்களும் இதே ஆட்சியாளர்கள்தான். பிறகு வங்கிக்கு அனுப்பத் தொடங்கி நாட்டைத் தூக்கி நிறுத்தினவர்களும் இதே சனம்தான்.

இனி எங்கட கிழக்குக் கரைக்கு வருவோம்.

யுத்தம் முடிந்தபிறகு பாசிக்குடாவில வரிசையாகப் பெரிய ஹோட்டல்கள் எழும்பின. அறுகம்பேயில உலகமே வந்து அலையேறுது. நல்லது. ஆனா அந்தக் கரையில பிறந்த பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்குது? பாத்திரம் கழுவ, புல்லு வெட்ட, வாசலில் காவல் நிற்க. அதுவும் ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும்தான். மாரி தொடங்கினா வீட்டுக்குப் போ என்பார்கள். மிச்ச மாதங்களுக்கு அடுப்பு எரிய வேணுமே? அதுதான் திரும்பவும் முகவரிட்டப் போறா, திரும்பவும் கட்டாருக்குப் பறக்கிறா.

உள்ளூரில் முழு வருசத் தொழில் இல்லாத சுற்றுலா, ஆளை வெளியே தள்ளுற சுற்றுலாதான். புலம்பெயர் தொழிலாளர் பிரச்சினையையும் சுற்றுலாவையும் இரண்டு தனித்தனிக் கோப்பாக வைத்திருக்கும்வரை இது தீராது.

யோசிச்சுப் பாருங்க. எட்டு வருசம் ரியாத்தில ஒரு வீட்டையே நடத்தினவளுக்கு அரபு தெரியும், அரபுச் சாப்பாடு தெரியும், விருந்தாளியைக் கவனிக்கத் தெரியும். ஹோட்டல் பாடசாலையில காசு கட்டிப் படிக்கிறதை அவள் வியர்வை சிந்திப் படிச்சிட்டு வந்திருக்கிறாள். ஆனா கையில சான்றிதழ் இல்லை என்பதால அவளுக்குக் கிடைப்பது விளக்குமாறு! கடன் கேட்டு வங்கிக்குப் போனா, அரச உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிக்கணுமாம். ஓலைக் குடிசையில இருக்கிறவளுக்கு யார் வந்து கையெழுத்து வைப்பார்கள்?

பிச்சை கேட்கவில்லை. உழைச்சுக் கொடுத்ததில ஒரு பங்கு கேட்கிறோம்:

1. நாடு திரும்பினவர்கள் தங்கும் விடுதி, உணவகம், படகுச் சவாரி தொடங்க, பிணை கேட்காத குறைந்த வட்டிக் கடன். அனுப்பின பணத்தின் வங்கிப் பதிவே அவர்களுக்குப் பிணையாகட்டும்.

2. வெளிநாட்டு அனுபவத்தைக் கணக்கில எடுத்து தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ். பரீட்சையைப் பிரதேச செயலகத்திலேயே, தமிழிலேயே நடத்துங்கள்.

3. கரையோரக் காணி ஒதுக்கும்போது ஊர்க்காரருக்கும் சிறு முதலீட்டாளருக்கும் கட்டாயப் பங்கு. மீனவர் தோணி இழுக்கிற இடத்தில கை வைக்கக்கூடாது.

4. மாரிகாலத்துக்கும் ஒரு திட்டம். வலசை வரும் பறவைகளைக் காட்டலாம், வாவியில் படகு விடலாம், வயலையும் கோயிலையும் பள்ளிவாசலையும் காட்டலாம். சீசன் ஆறு மாதம்தான் என்று எந்தச் சட்டத்தில எழுதியிருக்கு?

5. வெளிநாட்டில இருக்கிறவர்களுக்கு வாக்குரிமை. 2024 ஜனாதிபதித் தேர்தலிலும் இவர்கள் அங்கிருந்து வாக்களிக்க முடியவில்லை. வாக்கு இல்லாதவரின் குரலை எந்த அமைச்சர் கேட்பார்?

வந்த அரசாங்கமெல்லாம் இவர்களைப் 'பொருளாதார வீரர்கள்' என்று மேடையில புகழ்ந்தது. பட்டம் போதும் ஐயா, சோறு போடாத பட்டம் எதுக்கு?

உங்கட வீட்டிலயும் ஒரு உம்மா, ஒரு அக்கா, ஒரு தம்பி வெளிநாட்டில இருக்கலாம். இதை அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள். உங்கள் அனுபவங்களைத் தொகுத்து மேலுள்ள கோரிக்கைகளோடு முன்வைப்போம்.

எங்கட கரை, எங்கட உழைப்பு, எங்கட பங்கு!

#உழைத்தவருக்குப்_பங்கு #கிழக்கின்_கரை_மக்களுக்கே