இல்லமும் நலமும்: ஆமை வளர்க்கும் வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நம் பாட்டிமார் வாய்ச்சொல். ஆனால் இந்நாளில் நட்சத்திர ஆமையை வளர்த்தால் செல்வம் பெருகும் என்று நம்பி, அதை இரகசியமாக விலைக்கு வாங்குவோர் பலர். செல்வம் வருவது ஒருபுறம் இருக்கட்டும். அவ்வாயில்லாப் பிராணியின் கதி யாதென்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இது குளத்தாமை அன்று; வறண்ட புதர்க்காட்டில் வாழும் தரையாமை. நீர் நிறைந்த தொட்டியில் இட்டால் மூழ்கி மாண்டுவிடும். தன் உடம்புக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாததாகலின், சூரியனே அதற்கு அடுப்பு. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் மேனியில் பட்டால்தான் 'டி' வைட்டமின் உண்டாகும். அஃதின்றேல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பிற் சேராது. ஜன்னல் கண்ணாடி அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். எனவே, கட்டிலடியில் வளரும் ஆமையின் ஓடு நாளடைவில் மென்மையுற்று உருக்குலைகிறது. புல்லும் இலையும் தின்னவேண்டியதற்குப் பாலும் சோறும் ரொட்டியும் ஊட்டுவது அன்பின் பெயரால் இழைக்கும் தீங்கே. ஈரத்தரையில் கிடந்தால் நுரையீரலில் சளி கட்டி, வாய் திறந்து மூச்சு வாங்கும்.

பசுவும் நாயும் நோயுற்றால் குரல் கொடுக்கும், ஆமை கொடுக்காது. பல வாரம் உண்ணாமற் கிடந்து, 'சாதுவான பிராணி' என்று பெயர் வாங்கிக்கொண்டே இறக்கும்.

சட்டமும் இதனை அனுமதிப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தப்படி, இவ்வாமை முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. சர்வதேச வாணிகமும் 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டின் முடிவால் தடுக்கப்பட்டது. ஆதலின் ஆமை புகுந்த வீட்டிற்கு அதிகாரிகளும் வரக்கூடும். பாட்டிமார் சொல் பொய்யாகவில்லை!

அருகிலுள்ள காட்டில் விட்டுவிட்டால் போதும் என்றும் எண்ணலாகாது. மழை மிகுந்த காடு இதற்கு ஒவ்வாது. வீட்டில் ஒட்டிய நோய் காட்டு உயிர்களுக்கும் பரவலாம். நாம் உடுமலைக்குச் செல்லும் வழியில் மறையூருக்கு அப்பாலுள்ள சின்னாறு சரணாலயம், மழை குன்றிய புதர்க்காடு. கடத்தற்காரரிடம் கைப்பற்றிய ஆமைகளை வனத்துறையினர் அங்கே வைத்துப் பேணி, பின்னரே காட்டில் விட்டிருக்கின்றனர்.

ஆகவே, எவரேனும் விற்க வந்தால் வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருப்பின், வனத்துறை அலுவலகத்திற்குத் தெரிவித்து ஒப்படையுங்கள். குழந்தைகள் அழுவார்கள், அதற்கு ஏன் வெயிலும் புல்லும் வேண்டுமென்று எடுத்துச் சொன்னால் அவர்களே முதலில் சம்மதிப்பார்கள்.